கொழும்பினும் கூடங்குளம் நமக்கு அண்மை

(காரைநகரில் நடைபெற்ற பொதுக்கூட்டத்தில் ஆற்றப்பெற்ற உரை)



அணுசக்தியைப் பற்றிக் காரைநகரில் வந்து பேசுவானேன் என்று சிலர் கேட்கலாம். விளைபொருளுக்கு நியாயவிலை இல்லை. கடற்றொழிலாளரின் வலைகள் இரவோடிரவாக அறுபடுகின்றன. நன்னீர்க் கிணறுகள் ஆண்டுக்கு ஆண்டு உவர்க்கின்றன. இவற்றையெல்லாம் விட்டு, வல்லரசுகளின் மேசையிலே பேசப்படும் பொருளை நமது முற்றத்துக்குக் கொண்டுவருவது எதற்காக என்று வினவலாம். இவ்வினாவுக்குத் தேசப்படமே விடை சொல்லும்.

படத்தை விரித்து ஒரு நூலை வைத்து அளந்து பாருங்கள். இங்கிருந்து கொழும்பு நேர்கோட்டில் ஏறக்குறைய 310 கிலோமீற்றர். தமிழ்நாட்டின் தென்கோடியிலுள்ள கூடங்குளம் அணுமின் நிலையம் ஏறக்குறைய 290 கிலோமீற்றர். வடக்கே கல்பாக்கம் ஏறக்குறைய 315 கிலோமீற்றர். நம்மை ஆளும் தலைநகர் எவ்வளவு தூரமோ, அணு உலைகளும் அவ்வளவு தூரமே. கூடங்குளம் அதனினும் அண்மை. மன்னார், கற்பிட்டிக் கரையோரத்து மக்களுக்கோ அது இன்னும் அண்மை. இடையில் மலையில்லை, காடில்லை. கடலும் காற்றுமே உள்ளன. அவ்விரண்டும் கடவுச்சீட்டுக் கேட்டு நிற்பன அல்ல.

இதைச் சொல்லி எவரையும் அச்சுறுத்துவது நமது நோக்கமன்று. பீதியைப் பரப்புவது பொறுப்புள்ள அரசியலாகாது. சட்டம் பயின்றோர் எந்த ஆபத்தான பொருளைக் குறித்தும் மூன்று கேள்விகளைக் கேட்பர். அது எவ்வளவு இருக்கிறது? யாருடைய பொறுப்பில் இருக்கிறது? தவறு நேர்ந்தால் யாருக்கு, எப்பொழுது சொல்லப்படும்? கணக்கு, காவல், அறிவிப்பு என்ற இம்மூன்று சொற்களுக்குள் அணு எரிபொருள் பற்றிய சர்வதேச ஒத்துழைப்பு முழுவதும் அடங்கும். இம்மூன்றிலும் நமக்கு என்ன உரிமை இருக்கிறது என்பதே இன்றைய பேச்சு.

நமது மண்ணிற் கிடைத்த கல்

அணுவுக்கும் இலங்கைக்கும் உள்ள தொடர்பு நேற்று முளைத்ததன்று. சட்டவல்லுநர் சேர் முத்துக் குமாரசுவாமியின் மைந்தரும், பின்னாளிற் கலை ஆராய்ச்சியால் உலகப் புகழ் எய்தியவருமான ஆனந்த குமாரசுவாமி, இந்நாட்டின் கனிய ஆய்வுப் பணியை நடத்திவந்த காலத்தில், கனமான கருநிறக் கனியம் ஒன்றைக் கண்டறிந்தார். அது புதிய கனியமே என்று 1904 ஆம் ஆண்டில் தெளியப்பட்டுத் தோரியனைற் எனப் பெயர் பெற்றது. இலங்கையிலிருந்து சென்ற அக்கனியத்தின் சத்தை இலண்டனில் வில்லியம் ராம்சேயின் ஆய்வுகூடத்திற் பகுத்த ஜேர்மானிய இளைஞர் ஒருவர், 1905 ஆம் ஆண்டில் அதிலிருந்து புதிய கதிர்வீச்சுப் பொருளொன்றைப் பிரித்தறிந்தார். அவர் பெயர் ஒட்டோ ஹான். அதே ஒட்டோ ஹான்தான் 1938 ஆம் ஆண்டின் இறுதியிற் பேர்லினில் ஸ்ற்றாஸ்மனுடன் நடத்திய சோதனையின் மூலம் யுரேனிய அணு பிளவுறுவதை உலகுக்குக் காட்டினார். அதன்பின் ஏழாண்டுகள் நிரம்புமுன் ஹிரோஷிமா எரிந்தது.

இன்றும் புல்மோட்டைக் கரையின் கனிய மணலிலே மொனசைற் இருக்கிறது. அதனுள்ளே தோரியம் இருக்கிறது. ஆகவே இது அயலாரின் விவகாரம், நமக்கென்ன என்று கூற நமக்கு வழியில்லை.

எரிபொருளும் குண்டும்

விறகு எரிந்தால் சாம்பராகும். சாம்பரை வயலுக்கு இடலாம். அணு எரிபொருளின் இயல்பு வேறு. நிலத்திலிருந்து எடுக்கப்படும் யுரேனியத்திற் பிளவுறத்தக்க பகுதி நூற்றுக்கு ஒன்றினும் குறைவு, 0.7 வீதம் மட்டுமே. பெரும்பாலான மின் உலைகளுக்கு அதனை 3 முதல் 5 வீதம் வரை செறிவாக்க வேண்டும். குண்டு செய்வோர் 90 வீதம் வரை செறிவாக்குவர். இரண்டையும் செய்யும் இயந்திரம் ஒன்றே. நெல்லைக் குற்றும் உலக்கையே மண்டையையும் உடைக்கும் என்பது போலத்தான் இது. கருவியைக் கண்டு எண்ணத்தை அறிய இயலாது. கணக்கைப் பார்த்தே அறியவேண்டும்.

குண்டுக்கு இட்டுச்செல்லும் இரண்டாவது வழி, உலையில் எரிந்து முடிந்த பொருளிலே இருக்கிறது. 1000 மெகாவாற்று உலை ஒன்று ஆண்டொன்றுக்கு ஏறக்குறைய 20 முதல் 25 தொன் எரிபொருளைப் பயன்படுத்தும். அது வெளியே வரும்பொழுது, அதன் ஒரு வீதமளவு புளூத்தோனியமாக மாறியிருக்கும். அதாவது ஓராண்டில் 200 கிலோ அளவில். சர்வதேச அணுசக்தி முகவரகம் தன் கணக்குக்கு வைத்திருக்கும் அளவுகோல் யாதெனில், 8 கிலோ புளூத்தோனியம் காணாமற்போனால் ஒரு குண்டு செய்யப்பட்டிருக்கலாம் என்பதே. இதற்குத் தனி இரசாயன ஆலை வேண்டும். எளிதில் எவரும் செய்யக்கூடியதன்று. எனினும் பொருள் அங்கே இருக்கிறது. பாதியாகக் குறைவதற்கே 24,000 ஆண்டுகளுக்கு மேலாகும். எந்த அரசு அவ்வளவு காலம் நிலைத்திருந்தது? எந்தப் பேரரசு ஆயிரம் ஆண்டுகளுக்குத் தன் களஞ்சியத்துக்குக் காவல் போட்டது?

அதே அணுவின் நன்மையையும் நாம் மறைத்தல் தகாது. தெல்லிப்பழையிற் புற்றுநோயாளருக்கு அளிக்கப்படும் கதிர்ச்சிகிச்சை இவ்விஞ்ஞானத்தின் கொடையே. இந்தியாவில் திராம்பே ஆய்வு நிலையத்தார் கதிர்வீச்சைக்கொண்டு உண்டாக்கிய நிலக்கடலை இனங்கள் உழவரின் தோட்டங்களில் விளைகின்றன. நோய் தீர்க்கும் மருந்தும் அளவு மீறினால் நஞ்சாகும் என்பதை நமது வைத்தியர்கள் அறிவார்கள். ஆதலின் அணுவை ஒழி என்று நாம் கூறவில்லை. அதற்குக் கணக்கு வை என்கின்றோம்.

கணக்கு

கணக்கில்லாத நம்பிக்கை எங்கே கொண்டுபோய்விடும் என்பதற்கு நமது தலைநகரின் பெயராலேயே ஒரு சான்று உண்டு. 1950 ஆம் ஆண்டு ஜனவரியிற் கொழும்பிலே கூடிய பொதுநலவாய நாடுகளின் மாநாட்டில் உருவெடுத்தது கொழும்புத் திட்டம். ஆசிய நாடுகளின் வறுமையைப் போக்க வளம்மிக்க நாடுகள் உதவவேண்டும் என்பது அதன் கருத்து. அத்திட்டத்தின் கீழேயே கனடா இந்தியாவுக்கு ஓர் ஆராய்ச்சி உலையை வழங்கிற்று. அமெரிக்கா அதற்குக் கனநீர் கொடுத்தது. 1956 ஆம் ஆண்டில் ஒப்பந்தம் கைச்சாத்தாயிற்று. 1960 ஆம் ஆண்டில் திராம்பேயில் உலை இயங்கத் தொடங்கிற்று. சமாதானத் தேவைகளுக்கே பயன்படுத்துவோம் என்ற வாக்குறுதி அதில் இருந்தது. அவ்வாக்குறுதி காக்கப்படுகிறதா என்று சென்று பார்க்கும் அதிகாரம் எவருக்கும் அளிக்கப்படவில்லை.

1974 ஆம் ஆண்டு மே மாதம் 18 ஆம் நாள் போக்ரான் பாலைவனத்தில் இந்தியா வெடித்த சாதனத்திலிருந்த புளூத்தோனியம் அவ்வுலையிலிருந்து வந்ததே. இது சமாதான வெடிப்பு என்று டில்லி கூறிற்று. ஒப்பந்தம் மீறப்பட்டது என்று கனடா கூறி, உதவியை நிறுத்திற்று. சொற்களின் பொருளைப் பற்றி இருதரப்பு வழக்கறிஞர்களும் இன்றளவும் வாதாடலாம். நமக்கு வேண்டிய பாடம் வேறு. வாக்குறுதி மட்டும் இருந்து, பரிசோதனை இல்லாதவிடத்து, வாக்குறுதி தந்தவன் பொருள் சொல்வதே பொருளாகிவிடுகிறது. காணி உறுதியில் எல்லை எழுதாமல் விட்டால் வேலி எங்கே நகரும் என்பதை இங்குள்ள உழவர் எவருக்கும் நாம் விளக்கவேண்டியதில்லை.

அவ்வெடிப்புக்குப் பின்னரே அணுப்பொருள் வழங்கும் நாடுகள் ஒன்றுகூடி, யாருக்கு எதனை எந்த நிபந்தனையில் விற்பது என்று விதி செய்துகொண்டன. அதற்கு முன்னரே, 1957 ஆம் ஆண்டில், சர்வதேச அணுசக்தி முகவரகம் வியன்னாவில் அமைக்கப்பட்டிருந்தது. இலங்கை அவ்வாண்டிலேயே அதில் உறுப்பினராயிற்று. 1970 ஆம் ஆண்டில் அணுவாயுதப் பரவல் தடை உடன்படிக்கை நடைமுறைக்கு வந்தது. 1979 ஆம் ஆண்டில் இலங்கை அதனை ஏற்றுக்கொண்டது. முகவரகத்தின் பரிசோதகர்கள் உலைகளுக்குச் சென்று எரிபொருட் கோல்களை எண்ணுகின்றார்கள், முத்திரை வைக்கின்றார்கள், படக்கருவி பொருத்துகின்றார்கள். சங்கக் கடையிற் கணக்காய்வாளர் வந்து இருப்பெடுப்பதைப் போன்றதே அவர்கள் வேலை. புத்தகத்திலுள்ள இருப்பும் களஞ்சியத்திலுள்ள இருப்பும் ஒத்துவரவேண்டும். ஒத்துவராவிட்டால் தலைவர் யார் என்று பாராது கேட்கவேண்டும்.

கூடங்குளத்து உலைகள் இக்கண்காணிப்புக்கு உட்பட்டவை. அது நமக்கு ஆறுதலே. கல்பாக்கத்தின் நிலைமை வேறு. இந்தியா 2006 ஆம் ஆண்டில் வகுத்த பிரிப்புத் திட்டத்தில் 22 உலைகளுள் 14 உலைகளையே சர்வதேசக் கண்காணிப்புக்கு விட்டது. கல்பாக்கத்து உலைகள் அப்பதினான்கில் இடம்பெறவில்லை. 2008 ஆம் ஆண்டில் வழங்கும் நாடுகள் இந்தியாவுக்கு விதிவிலக்கும் அளித்தன.

இக்கணக்கு முறையால் ஆவதென்ன என்று ஐயுறுவோர்க்கு மூன்று உதாரணங்களைக் காட்டுவோம். 1993 ஆம் ஆண்டின் ஒப்பந்தப்படி, 20,000 குண்டுகளுக்கு ஈடான 500 தொன் உயர்செறிவு யுரேனியத்தை ரஷ்யா கலந்து நீர்த்து, மின் உலைகளுக்கான எரிபொருளாக அமெரிக்காவுக்கு விற்றது. 2013 ஆம் ஆண்டில் இப்பணி நிறைவெய்திற்று. அக்காலத்தில் அமெரிக்க மின்சாரத்திற் பத்தில் ஒரு பங்கு, ஒருகாலத்தில் அமெரிக்க நகரங்களை நோக்கி நின்ற குண்டுகளிலிருந்து கிடைத்தது. இரண்டாவதாக, குண்டு செய்யும் எண்ணம் இருக்கிறதென்று ஒருவரையொருவர் ஐயுற்ற பிரேசிலும் ஆர்ஜென்டினாவும் 1991 ஆம் ஆண்டில் கூட்டுக் கணக்கு நிறுவனம் ஒன்றை அமைத்தன. இந்நாட்டுப் பரிசோதகர் அந்நாட்டு உலையைப் பார்ப்பர். அந்நாட்டார் இந்நாட்டு உலையைப் பார்ப்பர். மூன்றாவது, கசகஸ்தானிலுள்ள எரிபொருள் வங்கி. சோவியத் காலத்து அணுச்சோதனைகளால் நலிந்த அந்நாடு, தன் மண்ணிலிருந்த குண்டுகளைத் துறந்து, 90 தொன் குறைசெறிவு யுரேனியத்தை முகவரகத்தின் உடைமையாகச் சேமித்துவைக்க இடங்கொடுத்தது. 2019 ஆம் ஆண்டில் அக்களஞ்சியம் நிரப்பப்பட்டது. விதிகளுக்கு அமைந்து நடக்கும் ஒரு நாட்டுக்கு அரசியற் காரணத்தால் எரிபொருள் மறுக்கப்பட்டால், அங்கே வாங்கலாம். ஊரிற் பொது விதைநெல் இருக்குமானால், ஒவ்வொருவனும் தனிக் களஞ்சியம் கட்டி அதற்குத் துப்பாக்கியுடன் காவலிருக்க வேண்டியதில்லை.

காவல்

இனி இரண்டாவது கேள்விக்கு வருவோம். எரிந்து முடிந்த எரிபொருள் எங்கே போகிறது?

கூடங்குளத்துக்கான ஒப்பந்தம் 1988 ஆம் ஆண்டில் ராஜீவ் காந்தியும் கொர்பச்சேவும் செய்தது. எரிந்த எரிபொருள் சோவியத் நாட்டுக்கே திரும்பிப் போகும் என்பது அன்றைய ஏற்பாடு. பின்னர் சோவியத் ஒன்றியம் சிதைந்தது, ஏற்பாடும் மாறிற்று, எரிந்த பொருள் இந்தியாவிலேயே தங்குவதாயிற்று. புளூத்தோனியத்தைப் பிரித்து வேறுவகை உலைகளுக்கு இடவேண்டும் என்பது ஹோமி பாபாவின் காலந்தொட்டே டில்லியின் கொள்கை. ஆதலின் அதனை அவர்கள் கழிவென்று கருதுவதில்லை. செல்வம் என்று கருதுகின்றார்கள். முதல் உலை 2013 ஆம் ஆண்டிலும் இரண்டாவது 2016 ஆம் ஆண்டிலும் மின்தொடரில் இணைந்தன. மொத்தம் ஆறு உலைகளுக்குத் திட்டம் உண்டு.

அதே ரஷ்யா வங்காளதேசத்தின் ரூப்பூரிற் கட்டும் உலைகளின் எரிந்த எரிபொருளைத் தானே திருப்பி எடுப்பதாக 2017 ஆம் ஆண்டில் உடன்பட்டிருக்கிறது. ஈரானின் புஷேர் உலைக்கும் அத்தகைய ஏற்பாடே செய்யப்பட்டது. ஒரே உற்பத்தியாளர், ஒரே வகைப் பொருள். பத்மா நதிக்கரையிலிருந்து வீடு திரும்புவது மன்னார்க் குடாவின் கரையிலே தங்கிவிடுகிறது.

இடிந்தகரை மீனவர்கள் நடத்திய போராட்டத்தை நீங்கள் அறிவீர்கள். வழக்கு இந்திய உச்ச நீதிமன்றம் வரை சென்றது. 2013 ஆம் ஆண்டு மே மாதம் 6 ஆம் நாள் அளித்த தீர்ப்பில், உலை இயங்கலாம் என்று கூறிய நீதிமன்றம், 15 கட்டளைகளையும் விதித்தது. எரிந்த எரிபொருளை உலைக்குப் புறத்தே பாதுகாப்பாக வைக்கும் களஞ்சியத்தை 5 ஆண்டுக்குள் அமைக்கவேண்டும். ஆழ்நிலத்தில் நிரந்தர வைப்பிடம் ஒன்றுக்கும் விரைந்து வழிசெய்ய வேண்டும் என்பன அவற்றுட் சில. ஐந்தாண்டு கழிந்தபொழுது தவணை கேட்கப்பட்டது, தவணை கொடுக்கப்பட்டது. நீதிமன்றத்திலே தவணை வாங்குவதன் பொருள் என்னவென்பது நமது தொழிலில் உள்ளோர்க்குத் தெரியும். புறத்தே களஞ்சியம் கட்டவேண்டாம், எரிபொருளை ரஷ்யாவுக்கே அனுப்பிவிடுங்கள் என்று 2022 ஆம் ஆண்டு பெப்ரவரியிலே தமிழ்நாட்டு முதலமைச்சர் மு. க. ஸ்டாலின் இந்தியப் பிரதமருக்குக் கடிதம் எழுதினார்.

உலகிலே நிரந்தர வைப்பிடத்தை ஆயத்தஞ் செய்வதில் முன்னின்றது பின்லாந்து. ஒல்கிலுவோட்டோவில் 400 மீற்றருக்கும் ஆழமான பாறையைக் குடைந்திருக்கிறார்கள். அவ்வூர் மக்களின் மன்றத்துக்கு மறுக்கும் அதிகாரம் கொடுக்கப்பட்டது. மறுக்கும் உரிமை இருந்தமையாலேயே அவர்கள் ஆராய்ந்து உடன்பட்டார்கள். இங்கே கற்கவேண்டியது பாறையின் வன்மையை மட்டுமன்று.

எரிந்த எரிபொருளின் பாதுகாப்புக்கென 1997 ஆம் ஆண்டில் ஒரு கூட்டு உடன்படிக்கை செய்யப்பட்டது. அதில் உள்ள நாடுகள் தத்தம் வைப்பிடங்களைப் பற்றி அறிக்கை எழுதி, மற்றை நாடுகளின் வினாக்களுக்கு விடை கூறவேண்டும். இந்தியா அதிற் சேரவில்லை. சேர்ந்திருக்குமாயின், கூடங்குளத்துக் களஞ்சியத்தைப் பற்றிக் கேட்பதற்கு ஓர் அவை இருந்திருக்கும்.

அறிவிப்பு

மூன்றாவது கேள்வி நமக்கு மிக அண்மையானது.

1986 ஆம் ஆண்டு ஏப்ரல் 26 ஆம் நாள் செர்னோபிலில் உலை வெடித்தது. ஆயிரம் கிலோமீற்றருக்கும் அப்பால், சுவீடனின் போர்ஸ்மார்க் அணுமின் நிலையத்தில், 28 ஆம் நாள் காலையில் ஒரு தொழிலாளியின் காலணியிற் கதிர்வீச்சு காணப்பட்டது. அதன் பின்னரே, அன்று மாலை, மொஸ்கோ வாய்திறந்தது. இரண்டு நாட்கள் அயல்நாட்டு மக்கள் மழையில் நனைந்தார்கள், குழந்தைகளுக்குப் பால் கொடுத்தார்கள், ஒன்றும் அறியார்.

அந்த வெட்கத்திலிருந்து, ஐந்தே மாதத்தில், விபத்தை விரைந்து அறிவிக்கும் சர்வதேச உடன்படிக்கை பிறந்தது. இந்தியாவும் இலங்கையும் அதில் உறுப்புநாடுகள். ஆயினும் அதன் வாசகத்தைச் சட்டத்தரணியின் கண்ணோடு படித்துப் பாருங்கள். மற்றொரு நாட்டுக்குக் கதிர்வீச்சுப் பாதுகாப்பளவில் முக்கியமாகக்கூடிய விபத்தையே அறிவிக்கவேண்டும் என்கிறது. முக்கியமா இல்லையா என்று முதலிலே தீர்மானிப்பவர் யார்? விபத்து நேர்ந்த நாடே. தன் வழக்குக்குத் தானே நீதவான்! இந்த ஓட்டையைப் பல அயல்நாடுகள் தமக்குள் தனி உடன்பாடு செய்து அடைத்திருக்கின்றன.

இந்தியாவும் பாகிஸ்தானும் தங்கள் அணு நிலையங்களைத் தாக்குவதில்லை என்று 1988 ஆம் ஆண்டின் கடைசி நாளில் உடன்பட்டு, 1992 ஆம் ஆண்டு தொட்டு ஆண்டுதோறும் ஜனவரி முதலாம் நாள் அந்நிலையங்களின் பட்டியலைப் பரிமாறி வருகின்றன. கார்கிலில் போரிட்ட பின்னரும் அவ்வழக்கம் நிற்கவில்லை. பகைவனுக்குப் பட்டியல் கொடுக்கக்கூடிய அரசு, நண்பனுக்கு அறிவிப்புக் கொடுப்பதில் என்ன தடை இருக்கமுடியும்?

2015 ஆம் ஆண்டு பெப்ரவரி 16 ஆம் நாள் டில்லியில் இந்தியாவும் இலங்கையும் அணுசக்தி ஒத்துழைப்பு உடன்பாடு ஒன்றைச் செய்தன. கதிர்வீச்சுப் பாதுகாப்பு, கழிவு முகாமை, அணுவிபத்தின் தீங்கைத் தணித்தல் ஆகிய சொற்கள் அதன் பொருளடக்கத்தில் உள்ளன. நல்ல சொற்கள். அச்சொற்கள் டில்லியிலிருந்து கொழும்புக்கு வந்துவிட்டன. கொழும்பிலிருந்து காரைநகர்க் கிராம அலுவலரின் மேசைக்கு அவை எப்பொழுது வந்து சேரும்? கரையோரத்தில் கதிர்வீச்சை அளக்கும் கருவிகள் நிறுவப்பட்டுள்ளன. கருவி காட்டும் இலக்கத்தை யார் படிக்கிறார்? அது உயர்ந்தால் கரைவலை இழுப்பவனுக்கு யார், எந்த மொழியிற் சொல்வார்?

சொல்லாமல் விட்டால் என்ன நிகழும் என்பதற்கு நாம் செர்னோபில் வரை போகவேண்டியதில்லை. சுன்னாகத்தைப் பாருங்கள். மின் உற்பத்தி நிலையத்தின் எண்ணெய்க் கழிவு நிலத்தடி நீரிற் கலந்தது. சுண்ணக்கல்லின் உள்ளே வேலியும் இல்லை, மதிலும் இல்லை. கிணற்றிலிருந்து கிணற்றுக்கு அது பரவியது. 2019 ஆம் ஆண்டில் உயர் நீதிமன்றம் பாதிக்கப்பட்டோருக்காக 2 கோடி ரூபாய் கொடுக்குமாறு தீர்ப்பளித்தது. தீர்ப்பு வந்தது நன்று. கிணறு கெடுமுன் ஓர் அறிவிப்பு வந்திருந்தால் அதனினும் நன்று. கண்ணுக்குத் தெரிந்து மூக்குக்கு மணக்கும் எண்ணெய்க்கே இக்கதியென்றால், நிறமும் மணமும் இல்லாத ஒன்றுக்கு என்ன செய்வோம்?

வல்லரசுகளின் கடன்

சிறிய நாடுகள் கணக்குக் காட்ட, பெரிய நாடுகள் குண்டுகளை அடுக்கிவைத்திருப்பது நீதியோ என்று நீங்கள் கேட்பீர்கள். நியாயமான கேள்வி. பரவல் தடை உடன்படிக்கை ஒரு கொடுக்கல் வாங்கல். ஆயுதம் இல்லாதோர் அதனை நாடார். உள்ளோர் அதனைக் களையும் பேச்சுவார்த்தையை நல்லெண்ணத்தோடு நடத்துவர். அதன் ஆறாம் உறுப்புரை இதுவே. 1995 ஆம் ஆண்டில் அவ்வுடன்படிக்கையைக் காலவரையின்றி நீடித்த மாநாட்டுக்குத் தலைமை வகித்தவர் இலங்கையரான ஜயந்த தனபால. மறு ஆண்டு சர்வதேச நீதிமன்றத்தில் அணுவாயுதத்தின் சட்டத்தன்மை ஆராயப்பட்டபொழுது, எந்தச் சூழ்நிலையிலும் அதனைப் பயன்படுத்துவது சட்டவிரோதமே என்று விரிவாக எழுதியவர், நமது நாட்டின் நீதியரசர் சீ. ஜி. வீரமந்திரி. ஆயுதக் களைவுப் பேச்சைத் தொடங்குவது மட்டும் போதாது, முடித்தும் வைக்கவேண்டும் என்று அந்நீதிமன்றம் ஏகமனதாகவே கூறிற்று.

அக்கடனை வல்லரசுகள் தீர்க்கவில்லை. 2022 ஆம் ஆண்டிலே உக்ரேனின் சப்பொரிசியா அணுமின் நிலையத்தைப் படைகள் கைப்பற்றின. 2025 ஆம் ஆண்டு ஜூனில் ஈரானின் அணு நிலையங்கள் மீது குண்டுகள் வீசப்பட்டன. அதன்பின் அங்கே செறிவாக்கிய யுரேனியத்தின் இருப்பைப் பரிசோதகர்கள் எண்ணிச் சரிபார்க்க முடியாது போயிற்று. குண்டு போட்டவர்கள் கணக்குப் புத்தகத்தையே கிழித்தார்கள். பெரியோர் விதியை மீறுகின்றனர் என்பதற்காகச் சிறியோர் விதியைக் கைவிடலாமா? சட்டம் வலியோனுக்கு ஓர் அணிகலன். எளியோனுக்கோ அதுவே கூரை. கூரை ஒழுகினால் வேய்வோமேயன்றிப் பிரித்தெறியோம்.

இந்து சமுத்திரம் சமாதான வலயமாகவேண்டும் என்று 1971 ஆம் ஆண்டில் ஐக்கிய நாடுகள் சபையிலே தீர்மானம் நிறைவேறச் செய்தது இலங்கை. 2023 ஆம் ஆண்டில் அணுச்சோதனைத் தடை உடன்படிக்கையை உறுதிசெய்து, அணுவாயுதங்களை முற்றாகத் தடைசெய்யும் உடன்படிக்கையிலும் சேர்ந்தது. வெளிநாட்டு மேடையிலே இலங்கை பேசிய இந்நல்ல சொற்களை நாம் பாராட்டுகின்றோம். பாராட்டிவிட்டு, அவற்றின் பயனை வடக்குக் கரையிலே காட்டுமாறு கேட்கின்றோம்.

நாம் கேட்பவை

நமது கோரிக்கைகள் நான்கு.

முதலாவது: 2015 ஆம் ஆண்டு உடன்பாட்டின் கீழ் இந்தியாவும் இலங்கையும் ஓர் அறிவிப்பு ஒழுங்கு செய்யவேண்டும். கூடங்குளத்திலோ கல்பாக்கத்திலோ குறித்த தரத்துக்கு மேற்பட்ட நிகழ்வு எது நேர்ந்தாலும், முக்கியமா இல்லையா என்ற ஆராய்ச்சிக்குக் காத்திராமல், குறித்த மணி நேரத்துக்குள் அறிவித்தல் வேண்டும். அவ்வொழுங்கு பாராளுமன்றத்தில் வைக்கப்பட்டு, தமிழிலே வெளியிடப்பட வேண்டும்.

இரண்டாவது: யாழ்ப்பாணம், கிளிநொச்சி, மன்னார், புத்தளம் மாவட்டச் செயலகங்களுக்கு அவ்வறிவிப்பு நேரே வரவேண்டும். அரசியலமைப்பின் 13 ஆம் திருத்தம் 1987 ஆம் ஆண்டில் தமிழையும் அரசகரும மொழியாக்கிற்று. ஆபத்து வேளையில் வேற்றுமொழியில் வரும் அறிவிப்பு, வராத அறிவிப்பே. அதனோடு, இன்றைய நிலையிற் கிணற்று நீரிலும் கடல் நீரிலும் மீனிலும் உள்ள இயற்கைக் கதிர்வீச்சை அளந்து பதிவுசெய்ய வேண்டும். இன்றைய அளவு இல்லையேல், நாளை கூடிற்றென்று எந்த நீதிமன்றத்தில் நிறுவுவோம்?

மூன்றாவது: எரிந்த எரிபொருளின் இறுதி இடம் எதுவென்று இந்தியா அறிவிக்கவேண்டும், 1997 ஆம் ஆண்டுக் கூட்டு உடன்படிக்கையிலும் சேரவேண்டும். இதனை இலங்கை அரசு அயலவன் என்ற முறையிலே கேட்கவேண்டும். தமிழ்நாடு தன் பக்கத்திலிருந்து கேட்டுவிட்டது.

நான்காவது: இலங்கையும் அணுமின் நிலையம் அமைப்பது பற்றி ஆராய்ந்து வருகின்றது. அது நன்றா தீதா என்பது தனி விவாதம். அமைப்பதாயின், எரிபொருளைத் தருபவர் எரிந்ததைத் திருப்பி எடுப்பார் என்பது முதல் நிபந்தனையாக எழுதப்படவேண்டும். செறிவாக்கும் ஆலையோ பிரித்தெடுக்கும் ஆலையோ இந்நாட்டுக்கு வேண்டாம். எந்த ஊரில் அமைப்பதென்பதை அவ்வூராரைக் கேளாமல் முடிவுசெய்யலாகாது.

இவையெல்லாம் அரசுகள் செய்யவேண்டியவை. நாம் செய்யக்கூடியதும் ஒன்று உண்டு. 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவலுக்கான உரிமைச் சட்டம், எந்தப் பிரசையும் தன் மொழியிலே விண்ணப்பம் எழுதி அரச நிறுவனத்திடம் தகவல் கேட்கும் உரிமையை வழங்குகிறது. 14 வேலைநாட்களுக்குள் தருவதா இல்லையா என்று அவர்கள் தீர்மானிக்கவேண்டும். வடகரையின் கதிர்வீச்சு அளவுகள் என்ன, அபாய வேளையில் யாழ்ப்பாண மாவட்டத்துக்கென வகுக்கப்பட்ட திட்டம் என்ன, அதன் தமிழ்ப்படி எங்கே என்று கேளுங்கள். விண்ணப்பம் எழுதச் சட்டத்தரணிகள் உதவுவோம். விடையை வாசித்துப் பொருள் சொல்ல வைத்தியர்களும் விஞ்ஞான ஆசிரியர்களும் முன்வரவேண்டும். கேட்கவேண்டியவர்களோ, இந்நிலத்தையும் கடலையும் நம்பி வாழும் நீங்கள்.

1974 ஆம் ஆண்டிலும் 1976 ஆம் ஆண்டிலும் இந்தக் கடலின் நடுவே இரு அரசுகள் கோடு கீறின. அக்கோட்டைக் கீறியபொழுது இருகரையிலும் வலை வீசியவர்களை எவரும் அழைத்துக் கேட்கவில்லை. அதன் பயனை இன்றும் அனுபவிக்கின்றோம். அணுவின் காரியத்திலும் அவ்வாறு கேளாமல் விடப்பட நாம் இசையமாட்டோம். இடிந்தகரையில் இருப்போரும் காரைநகரில் இருப்போரும் ஒரே கடலின் மீனை உண்கின்றோம். ஒரே காற்றைச் சுவாசிக்கின்றோம். நம்மைச் சூழ்ந்துள்ள நெருப்பின் அளவையும் அதைக் காப்பவரின் பெயரையும் அறிய நமக்கு உரிமை உண்டு. அவ்வுரிமையைக் கேட்டுப் பெறும்வரை அமைதியாக, சட்டத்தின் வழியில், இடைவிடாது கேட்போம்.